ஓர் இராத்தல் தானியமும் கயபாவின் நியாயமும்

'பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா' என்று விளையாட்டாகக் கேட்பது நம்மவர் வழக்கம். கேட்பவரும் நகைக்கிறார், கேட்கப்படுபவரும் நகைக்கிறார். ஆயினும் அந்தப் பழமொழியின் அடியில் பெருந்துயரம் ஒன்று படிந்து கிடக்கிறது. நேற்றுவரை ஏர் பூட்டி உழுதவன் இன்று ஓடேந்தி நின்ற காலம் அது. அவனைப் பிறவி இரவலனிடமிருந்து பிரித்தறிய வேண்டிய நிலையும் அன்று மக்களுக்கு இருந்தது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர்களுக்கு அந்நிலத்தின் இயல்பு தெரியும். காவிரிக் கரையின் செழிப்பு அங்கில்லை. ஏரி நிறைந்தால் நெல். கிணறு ஊறினால் கேழ்வரகு. வானம் பொய்த்தால் இரண்டும் இல்லை. இத்தகைய மேட்டு நிலங்களில் முதியோர் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று ஒன்றைச் சொல்லி வந்தார்கள். அவர்களும் அதைக் கண்டவர்கள் அல்லர். தம் பாட்டன் பாட்டியர் சொல்லக் கேட்டவர்கள். தலைமுறைகள் கடந்தும் அழியாத அந்த நினைவு, 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றியது.

அப்பஞ்சத்தின் வரலாறு நமக்கு ஒரு கேள்வியையும் விட்டுச் சென்றிருக்கிறது. பலருடைய நன்மைக்காகச் சிலருக்குத் தெரிந்தே தீங்கு செய்யலாமா? நல்ல நோக்கம் இருந்தால் பிறரைத் துன்புறுத்துவது நியாயமாகிவிடுமா? ஒழுக்கவியல் நூல்களில் இக்கேள்வி எளிதாகத் தோன்றும். பசித்த மனிதரின் முன்னிலையில் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

வானமும் வாணிகமும்

1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குன்றியது. நம்பியிருந்த வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. மறு ஆண்டு கோடையிலும் வானம் இரங்கவில்லை. பல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் ஆகிய மாவட்டங்கள் மிகக் கொடிய துயரத்துக்கு ஆளாயின. திருவண்ணாமலைப் பகுதி அந்நாளில் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதை அப்போது போடப்படவில்லை. தானியம் வரவேண்டுமானால் மாட்டு வண்டியில் வரவேண்டும். மாடுகளோ தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன.

தானியமே இல்லாததால்தான் மக்கள் மடிந்தார்கள் என்று கூறிவிட முடியாது. நாட்டின் வேறு பகுதிகளில் தானியம் இருந்தது. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தது. தென்னாட்டுச் சந்தைகளில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. நிலமில்லாத உழைப்பாளி, நெசவாளி, ஊர்க் கைவினைஞன் ஆகியோரிடம் வாங்கும் பணம் இல்லை. விலையில் அரசு தலையிடலாகாது, வாணிகத்தைத் தன் போக்கில் விட்டால் அது தானே பசி தீர்க்கும் என்பது அன்றைய அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் கொள்கை. சென்னை அரசு பஞ்சத் தொடக்கத்தில் தானே தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டபோது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை.

1877 சனவரி முதல் நாளன்று தில்லியில் பெரும் தர்பார் கூடியது. விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசி என்று அங்கே அறிவிக்கப்பட்டார். சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனும் தம் மாகாணத்துப் பஞ்சத்தை விட்டு அங்கே செல்ல நேர்ந்தது. அதே மாதத்தில் லிட்டன் பிரபுவின் பஞ்சத் தூதராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார் சர் ரிச்சர்டு டெம்பிள்.

டெம்பிள் துரையின் அளவு

டெம்பிளைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. 1873, 74ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் தலைகாட்டியபோது, நிவாரணப் பொறுப்பை ஏற்றவர் இவரே. பர்மாவிலிருந்து நான்கு இலட்சம் டன்னுக்கு மேல் அரிசி தருவிக்கப்பட்டது. மக்களுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது. பஞ்சச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. இதற்காக அவர் பாராட்டப்பட்டிருக்க வேண்டும். கிடைத்ததோ ஏளனம். அரசுப் பணத்தை வாரியிறைத்தார், மக்களைச் சோம்பேறிகளாக்கினார் என்று இலண்டனிலும் கல்கத்தாவிலும் தூற்றினார்கள். உயிர்களைக் காத்ததே குற்றமாயிற்று. அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ள வேண்டிய நிலையில்தான் அவர் தென்னாட்டுக்கு வந்தார்.

நிவாரண வேலைத்தளங்களில் உழைத்தவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த கூலி அதிகம் என்று அவர் கருதினார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஒரு சிறு தொகையும் போதும் என்று அளவிட்டார். பெண்களுக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. ஓர் இராத்தல் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். அரிசியாகக் கொண்டால் அது சுமார் 1,600 கலோரி தரும். நாள் முழுவதும் வெயிலில் மண்ணை வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு தேவை.

கூலியோடு சில விதிகளும் வந்தன. உடல் வலிமை உள்ளவர் எனக் கருதப்பட்டோர் தம் ஊரிலிருந்து பத்து மைல் தொலைவுக்கு அப்பால் உள்ள வேலைத்தளத்துக்குச் செல்ல வேண்டும். குறித்த அளவு வேலையை முடிக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் எளிதாக வேலை கொடுத்தால் தேவையற்றவர்களும் வந்துவிடுவார்கள். தொலைவும் கடுமையும் இருந்தால் உண்மையில் வேறு வழியில்லாதவர் மட்டுமே வருவார்கள் என்பது இதன் காரணம். துன்பத்தைச் சல்லடையாக வைத்து ஏழையைச் சலித்தெடுக்கும் முறை இது. நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இச்சல்லடை மிக முக்கியமானது; பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இதை எதிர்த்து எழுந்த முதற்குரல்களுள் ஒன்று அரசுக்குள்ளிருந்தே எழுந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இக்கூலி உழைக்கும் உடலைக் காக்காது என்று அறிவியல் சான்றுகளோடு வாதிட்டார். சிறைச்சாலைகளில் உழைக்கும் கைதிகளுக்கு எவ்வளவு உணவு தேவைப்படுகிறது என்று ஆராய்ந்தறிந்தவர் அவர். குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். குற்றம் செய்தவனுக்குக் கிடைக்கும் சோறு, வானம் பொய்த்ததைத் தவிர வேறு குற்றம் அறியாத உழவனுக்குக் கிடைக்கவில்லை. பம்பாய் மாகாணத்திலோ பல்லாயிரம் ஏழைகள் இக்கூலியை மறுத்து வேலைத்தளங்களை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக சபை அவர்களுக்காகப் பேசியது. சில மாதங்களுக்குள் சென்னை அரசும் கூலியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்ததாகக் கணித்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனினும் மிகுதியாகக் கணிக்கின்றனர். 1871இல் 3 கோடியே 12 இலட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, 1881இல் 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்திருந்தது. இச்சாவுகள் அனைத்துக்கும் ஓர் இராத்தல் கூலியே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. மழையின்மை, விலையேற்றம், காலரா, பின்னர் மழை வந்தபோது கூடவே வந்த காய்ச்சல் என எல்லாம் சேர்ந்தே மக்களை அழித்தன. ஆயினும், செயலின் நன்மை தீமையைப் பிணங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில்லை. கூலியைக் குறைத்தபோது அவர்கள் செய்தது என்ன என்பதே நம் கேள்வி.

மூன்று வாதங்கள்

அவர்களுக்கு ஆதரவான வாதங்கள் வலிமையற்றவை அல்ல. அவற்றை நேர்மையாகக் கேட்போம்.

முதல் வாதம்: 'நாங்கள் எவரையும் அடிக்கவில்லை. உணவைப் பறிக்கவில்லை. எங்களால் இயன்றதைக் கொடுத்தோம். போதவில்லை என்றால் அது இயற்கையின் தீங்கு, எங்கள் தீங்கன்று.' கொடுக்க இயலாதவன் இவ்வாறு சொன்னால் ஏற்கலாம். தன் வீட்டில் ஒரு படி அரிசி மட்டுமே உள்ள தாய், ஐந்து பிள்ளைகளுக்கும் அரை வயிறு கஞ்சி வார்த்தால், அவளைக் குறை சொல்வார் உண்டோ? கொடுக்க இருந்தும் அளவைக் குறைத்தவன் நிலை வேறு. பசியால் சாகிறவனுக்கு உணவளிக்காதவன் அவனைக் கொன்றவனே என்று திருச்சபைத் தந்தையர் கருதினார்கள். அக்கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் மீண்டும் நமக்கு நினைவூட்டியது. கடைசித் தேவையில் இருப்பவனுக்கு உலகப் பொருள்களில் உரிமை உண்டு என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துச் சொன்ன போதனை.

இரண்டாம் வாதம்: 'நாங்கள் சாவை விரும்பவில்லை. கருவூலத்தைக் காக்கவே விரும்பினோம். தீய விளைவு எங்கள் நோக்கத்துக்குப் புறம்பானது.' இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. தற்காப்பைப் பற்றி எழுதும்போது அக்குவினாஸ், ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம் என்கிறார். தன் உயிரைக் காக்கத் தேவையான அளவு வலிமையைப் பயன்படுத்துகிறவன், அதனால் தாக்கியவன் இறந்தாலும் கொலைஞனாகான். ஏனெனில் அவன் நாடியது தன் உயிரையே. இதனடிப்படையில் பின்வந்த அறநெறி வல்லுநர்கள் ஒரு வரம்பைத் தெளிவாக்கினார்கள்: தீமை பக்கவிளைவாக வரலாம், நன்மையை அடையும் கருவியாக அதை வைத்துக்கொள்ளலாகாது. நன்மை விளையட்டும் என்று தீமை செய்யலாம் என்னும் எண்ணத்தைத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அறவே தள்ளுகிறார்.

இந்த உரைகல்லில் அந்தச் சல்லடையைத் தேய்த்துப் பாருங்கள். பத்து மைல் நடை, குறித்த அளவு வேலை, குறைந்த கூலி ஆகியவற்றால் வரும் துன்பம் தற்செயலாக நேர்ந்ததன்று. அத்துன்பம் இருந்தால்தான் திட்டம் வெற்றி பெறும். துன்பமே இல்லையெனில் மக்கள் விலகிச் செல்லமாட்டார்கள், செலவும் குறையாது. ஆகவே இங்கே துன்பமே கருவி. நோயாளியின் உடலைக் கீறும் மருத்துவரோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ளவும் அவர்களுக்கு வழியில்லை. மருத்துவர் கீறுவது அந்த நோயாளியின் நலத்துக்காக, அவருடைய இசைவோடு. இங்கே கீறப்பட்ட உடல் ஒருவருடையது. நலம் பெற்ற கருவூலம் வேறொருவருடையது.

நம் வள்ளுவப் பெருந்தகையும் இவ்வேறுபாட்டை அறிந்தவரே. 'இன்னா செய்யாமை' என ஓர் அதிகாரத்தையே அமைத்துப் பிறருக்குத் துன்பம் செய்வதை விலக்கிய அவர், 'செங்கோன்மை' அதிகாரத்தில் கொடியோரைத் தண்டிக்கும் அரசனைக் களையெடுக்கும் உழவனோடு ஒப்பிடுகிறார். களை பயிருக்குக் கேடு செய்கிறது, அதனால் களையப்படுகிறது. வேலைத்தளத்தில் மண் சுமந்த பெண் யாருக்குக் கேடு செய்தாள்? அவள் பயிர். பயிரைப் பிடுங்கி வயலைக் காக்க முடியாது.

மூன்றாம் வாதமே மிகக் கூர்மையானது: 'இன்று தாராளமாகச் செலவிட்டால் அரசு நொடிந்துவிடும். நாளை வரும் பஞ்சத்தில் இன்னும் பலர் சாவார்கள். பலர் வாழச் சிலர் வருந்துவது தவிர்க்க இயலாதது.' இதைக் கேட்கும்போது நமக்கு ஒரு பழைய குரல் நினைவுக்கு வர வேண்டும். யோவான் நற்செய்தியில் தலைமைக் குரு கயபா, இனம் முழுவதும் அழியாதிருக்க மக்களுக்காக ஒருவர் சாவதே நல்லது என்று தலைமைச் சங்கத்தாருக்கு எடுத்துரைக்கிறார். அவர் கூற்றில் கணக்குப் பிழை இல்லை. பொதுநலக் கவலையும் தெரிகிறது. உரோமையர் வந்து அழிப்பார்கள் என்ற அச்சமும் பொய்யன்று. நற்செய்தியாளர் அச்சொற்களில் கயபாவே அறியாத மீட்பின் பொருளைக் கண்டார். ஆனால் கயபா செய்ததை நியாயப்படுத்தவில்லை. தம்மையே கையளித்தவரின் தியாகம் வேறு. பிறனொருவனைக் கையளிக்கிறவனின் கணக்கு வேறு.

கயபாவின் நியாயத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதைச் சொல்பவர் ஒருபோதும் அந்த 'ஒருவராக' இருப்பதில்லை. டெம்பிள் துரையும் ஓர் இராத்தல் தானியத்தை உண்டு மண் சுமந்து பார்க்கவில்லை. தர்பாரின் விருந்துப் பந்தல்களைச் சுருக்கிக் கருவூலத்தைக் காக்கவும் எவரும் முன்வரவில்லை. சிக்கனம் தொடங்கிய இடம் ஏழையின் கலயம். பிறர் துன்பத்தால் பொதுநலம் காக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தத் துன்பத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்றும், துன்புறப் போகிறவரை அவர் கேட்டாரா என்றும் நாம் வினவ வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை இல்லாத இடத்தில் நியாயமும் இல்லை.

கணக்குப் பாராத கைகள்

அதே பஞ்சத்தில் வேறு வகையான மனிதரும் வாழ்ந்தனர். நம் மறையைச் சேர்ந்தவரும், 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் தமிழின் முதல் நாவலின் ஆசிரியருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தம் செல்வத்தைப் பசித்தோருக்குச் செலவிட்டார். அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. தென்னாற்காட்டின் வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு அவர் மறைவுக்குப் பின்னும் அணையவில்லை. உண்ண வந்தவர் தகுதியுடையவரா என்று சலிக்கும் சல்லடை அங்கே இல்லை.

நம் வட்டாரத்துக்கு அருகில், சேத்துப்பட்டை நடுவமாகக் கொண்டு உழைத்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் தாராஸ் அடிகளாரை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர். பஞ்சமும் அதை அடுத்த ஆண்டுகளும் ஆற்காட்டுப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள், திருமுழுக்குப் பெற்ற காலமாகும். இன்றைய நம் பங்குகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே நம் கேள்வி நம்மையும் சுடுகிறது. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி நிபந்தனை விதிப்பதும் ஒரு தீங்குதான். ஆன்ம நலம் என்ற உயர்ந்த நோக்கமும் அதை நியாயமாக்காது. கட்டாயத்தால் வரும் விசுவாசத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. அதே வேளையில், பஞ்சத்தில் வந்தோரின் வழித்தோன்றல்களைக் 'கஞ்சிக்கு வந்தவர்கள்' என்று இகழ்வதும் தீங்கே. அந்த இகழ்ச்சி நம் ஆலய வளாகங்களுக்குள்ளும் ஒலித்திருக்கிறது. சாகும் வேளையில் தன்னை மனிதனாக மதித்த கையைப் பற்றிக்கொண்டவனிடம் வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. எம்மாவு சென்ற சீடர்களும் அப்பம் பிட்டபோதுதான் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள்.

இன்றும் அந்த அளவுகோல்

பஞ்சத்துக்குப் பின் 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. பட்டினிச் சாவைத் தடுப்பது அரசின் கடமை என்பது ஏட்டளவிலாவது ஏற்கப்பட்டது. பின்னர் 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். இருவர் ஒத்துக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது. உழைப்பவன் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்பது அதன் போதனைகளுள் ஒன்று. கார்னிஷ் உடலைக் கொண்டு சொன்னதை மடல் அறத்தைக் கொண்டு சொன்னது எனலாம்.

சென்னை மாநகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்கள் தோண்டியது. அதன் கரையில் நடக்கும் நம்மில் எத்தனை பேர் அவ்வுழைப்பாளரை எண்ணுகிறோம்? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், நம் மாவட்டத்து ஏரிகளிலும் கால்வாய்களிலும் பெண்கள் கூட்டங்கூட்டமாக மண் வெட்டினார்கள். அப்போதும் 'சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்கிறார்கள்' என்ற ஏளனம் எழுந்தது. பீகாரில் உயிர்களைக் காத்த டெம்பிளை வேறு மனிதராக்கிய அதே ஏளனம் அது.

பிறருக்குத் தீங்கு செய்வது எப்போதேனும் நியாயமாகுமா? தாக்க வருபவனைத் தேவையான அளவுக்குத் தடுப்பதும், நோயாளியின் நலத்துக்காக அவர் இசைவோடு வலி தருவதும் நியாயமாகலாம். குற்றமற்ற ஒருவரின் துன்பத்தைக் கருவியாக்கி மற்றவருக்கு நன்மை தேடுவது, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், எத்தனை பேர் பயன்பெற்றாலும் நியாயமாகாது. இவ்விடை தெளிவானது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் கத்தி எடுப்பதில்லை; அளவுகோல்தான் எடுக்கிறோம். வேலையாளின் கூலியை முடிவு செய்கிறோம். யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று பட்டியல் எழுதுகிறோம். நிறுவனத்தின் நலனுக்காக ஒருவர் போனால் போகட்டும் என்று குழுக்களில் தலையசைக்கிறோம்.

அப்போதெல்லாம் நம் மேசையின் மீதும் அந்த ஓர் இராத்தல் தானியம் இருக்கிறது. அதை அளந்து கொடுக்குமுன், இதை உண்டு நான் நாளெல்லாம் மண் சுமப்பேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.